பதினான்கு மணித்தியாலம்

லண்டன் மாநகரின் தெற்குப் பகுதியாகிய டூட்டிங்கில், ஓர் ஏணி, இரண்டு வாளி, பித்தளைப் பிடி போட்ட ஒரு ரப்பர் பட்டை ஆகியவற்றையே மூலதனமாகக் கொண்டு வீட்டு யன்னல்களைத் துடைத்துச் சீவித்து வந்த நான், 2003ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7ஆந் திகதி திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, இன்னொருவருக்குச் சம்பளம் கொடுக்கும் பொறுப்பை என் வாழ்வில் முதன்முறையாக ஏற்றேன். வாரத்துக்குப் பதினான்கு மணித்தியாலம். மணித்தியாலம் ஒன்றுக்கு ஐந்து பவுண் ஐம்பது பென்ஸ். அந்தக் கணக்கு பதின்மூன்றாகவோ பதினைந்தாகவோ அமையாமல் பதினான்காக அமைந்ததன் காரணத்தைச் சொல்லவே இதை எழுத உட்கார்ந்தேன். ஆயினும் தொழிலைப்பற்றிச் சிறிது சொல்லாவிட்டால் அந்தக் காரணம் விளங்காது.

யன்னல் துடைப்பது எவராலும் செய்யக்கூடிய அற்பக் காரியம் என்ற அபிப்பிராயம் நம்மவரிடையே உண்டு, ஆங்கிலேயரிடையேயும் உண்டு. லண்டன் குழாய்த் தண்ணீரின் குணத்தை அறிந்தவர் அவ்விதம் சொல்லமாட்டார். சுண்ணப்பாறை செறிந்த நிலத்தினூடே ஊறி வருவதனால் அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு மிகுதி; கண்ணாடிமேல் அதைத் தானாகக் காயவிட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளைப் புள்ளியை வைத்துவிட்டே மறையும். ஆகவே கண்ணாடியைக் கழுவுவதில் வித்தை எதுவும் இல்லை. கழுவிய நீரை ஒரு துளி மிச்சமில்லாமல் வழித்தெடுப்பதிலேதான் அது இருக்கிறது. அதற்கு உதவும் கருவியை ஸ்குவீஜி என்பார்கள். முன்னர் பல திருகாணிகள் பூட்டிய கனத்த இரும்புச் சாமானாக இருந்த அதனை, கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் யன்னல் துடைத்து வாழ்ந்த எட்டோரே ஸ்டெக்கோனே என்னும் இத்தாலியக் குடியேற்றவாசி 1936ஆம் ஆண்டில் இலேசான பித்தளையில், ஒற்றை ரப்பர் விளிம்பு வைத்துச் செய்தார். இன்றைக்கும் அதன் உருவம் பெரிதாக மாறவில்லை. பிறநாட்டில் ஏணி சுமந்த ஒருவரின் கையிலிருந்து பிறந்த கருவி என்பதனால் அதன்மேல் எனக்கு எப்பொழுதும் ஒரு தனி மரியாதை உண்டு.

வாடிக்கை வீடுகளின் தொகுதியை இத்தொழிலில் ‘ரவுண்ட்’ என்பார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே தெரு, அதே வீடு, அதே யன்னல் என்று சுற்றி வருவதனால் அந்தப் பெயர். ஊரில் வயலையும் தோட்டத்தையும் விற்பதுபோல இங்கே ஒருவர் தம்முடைய ரவுண்டை இன்னொருவருக்கு விற்பார். வாங்கியவரை வீடு வீடாக அழைத்துச் சென்று அறிமுகமும் செய்து வைப்பார். ஏணி ஏற முழங்கால் இடங்கொடாமற் போன ஓர் ஆங்கிலேய முதியவரிடமிருந்து அறுபது வீடுகள் கொண்ட அப்படியொரு ரவுண்டை 2000ஆம் ஆண்டில் நான் தவணை முறையில் வாங்கினேன். டூட்டிங் பெக் பசுந்திடலுக்கு அருகே, செங்கல்லாற் கட்டிய விக்டோரியா காலத்து வீடுகள்; ஒவ்வொன்றின் முகப்பிலும் தெருவை நோக்கிப் புடைத்து நிற்கும் பெரிய யன்னல்; மேலும் கீழுமாகத் தள்ளித் திறக்கும் மரச்சட்டங்கள். ஒரு வீட்டுக்கு ஆறு பவுண்.

அதற்கு முன்பு நான் செய்த வேலையைப்பற்றியும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் கணிதம் கற்பித்த நான், 1995ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் வலிகாமத்து மக்கள் எல்லாம் ஓரிரவில் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது அவர்களுள் ஒருவனாகப் புறப்பட்டு, பல இடங்களில் தங்கி, ஈற்றில் இந்நகரத்தை வந்தடைந்தேன். வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் யன்னல் துடைப்பிக்கும் ஒருவரிடம் சேர்ந்தேன். அவருடைய பெயர் இங்கு வேண்டியதில்லை. துடைத்த வீட்டுக்கு மட்டும் காசு கொடுப்பார். ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்கு ஏணியோடு நடக்கும் நேரத்துக்கு இல்லை. மழைக்கு ஒதுங்கி நிற்கும் நேரத்துக்கு இல்லை. வெள்ளிக்கிழமை மாலையில் மடித்த நோட்டுகள் கைக்கு வரும். அவற்றோடு ஒரு துண்டுக் கடுதாசியேனும் வந்ததில்லை. இரண்டரை ஆண்டு அவ்விதம் உழைத்த பிறகு, வீடு வாடகைக்கு எடுப்பதற்காக நான் உழைத்ததற்கு அத்தாட்சி கேட்கப்பட்டபோது, காட்டுவதற்கு என் உள்ளங்கைகளைத் தவிர வேறொன்றும் என்னிடம் இருக்கவில்லை. அந்த இரண்டரை ஆண்டும் இந்நாட்டு அரசின் எந்த ஏட்டிலும் ஏறவில்லை என்பதையும் அப்பொழுதுதான் அறிந்தேன். வாழ்ந்த காலத்தை ஒருவர் களவாட முடியும் என்பதை அதற்கு முன் நான் யோசித்ததில்லை.

2002ஆம் ஆண்டு முடிவில் என் ரவுண்ட் நூற்றிருபது வீடுகளைத் தாண்டிற்று. அத்துடன் அப்பர் டூட்டிங் வீதிக் கடைக்காரர் பதினொருவர், கடை திறக்குமுன் வாரம் ஒருமுறை முகப்புக் கண்ணாடியைத் துடைத்துத் தரவேண்டும் என்று கேட்டார்கள். ஒரு கடைக்கு ஐந்து பவுண். நான் ஒருவனாக முயன்று பார்த்ததில் வலது தோள் இரவில் தூங்கவிடாமல் வலித்தது. வாக்களித்த நாளில் வீடுகளுக்குப் போகவும் இயலவில்லை. ஆள் வேண்டும் என்பது தெளிவாயிற்று. கேள்விப்பட்டு இருவர் வந்தார்கள். ஒருவர் முழுநேர வேலை கேட்டார். மற்றவர் கணக்கில் எழுதாமல் கைக்காசாகத் தந்தால் வருகிறேன் என்றார். இருவரையும் அனுப்பிவிட்டேன்.

பின்னர் நான் அக்கா என்று அழைத்த ஒருவரைப்பற்றி என் மனைவி சொன்னாள். முத்துமாரி அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் வாங்க நின்ற வரிசையில் பழக்கமாம். கோப்பாய்ப் பக்கம், நாற்பத்தேழு வயது, கணவர் தபாற்கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து காலஞ்சென்றவர், ஒரே மகன் கல்லூரியில் படிக்கிறான். நான்கு ஆண்டாக ஒரு சமையற்கூடத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவரை, விரல்மூட்டு வீங்கியது என்ற காரணத்தால் ஒரு நாள் மாலை, நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பெண் ஒருவரை, அதுவும் என்னிலும் மூத்தவரை, இந்த வேலைக்கு எடுப்பதா என்று நான் சற்றே தயங்கினேன். தயக்கத்துக்குக் காரணம் ஏணிதான். ஆனால் கடைக் கண்ணாடிகளுக்கு ஏணி வேண்டியதில்லை. வீடுகளிலும் நான் மேல்மாடியைப் பார்க்க அவர் கீழ்த்தளத்தைப் பார்த்தால் ஒரு வீட்டை முடிக்கும் நேரம் பாதிக்குச் சிறிது மேலாகச் சுருங்கும் என்று என் கொப்பிக் கணக்குச் சொல்லிற்று. மனைவியின் சொல்லும் கொப்பியின் சொல்லும் ஒன்றாயிருந்தன.

வீட்டுக்கு வரச்சொல்லித் தேநீர் கொடுத்து, முன்செய்த வேலையில் என்ன சம்பளம் என்று கேட்டேன்.

“மணித்தியாலத்துக்கு மூண்டு பவுண் தந்தவை, தம்பி. என்வலப்பிலை போட்டுத் தருவினம்.”

“கடுதாசி ஏதும் தந்தவையே, அக்கா?”

“என்ன கடுதாசி?” என்று அவர் கேட்டார்.

அந்த வேளையில் இந்நாட்டுச் சட்டப்படியான ஆகக்குறைந்த கூலி நான்கு பவுண் இருபது பென்ஸ். அவர்கள் குறைத்துக் கொடுத்த காசைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். ‘என்ன கடுதாசி’ என்று அவர் கேட்ட அந்தக் கேள்வியை என்னாற் பொறுக்கமுடியவில்லை. நான்கு ஆண்டு, ஒவ்வொரு நாளும் வெங்காயத்தின் எதிரில் நின்றவர். அவருடைய பெயருக்கு எதிரே அரசாங்க ஏட்டில் நான்கு வெறுமையான வரிகள்.

அன்றிரவு இறைவரித் திணைக்களத்தின் கைந்நூல்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணித ஆசிரியனாயிருந்ததன் பிரயோசனத்தை அந்நிய மண்ணில் நான் அனுபவித்தது அந்த இரவில்தான். 2003 ஏப்ரலில் தொடங்கும் வரியாண்டில் வாரம் ஒன்றுக்கு 77 பவுணும் அதற்கு மேலும் சம்பாதிப்பவருடைய பெயர் தேசியக் காப்புறுதிக் கணக்கில் ஏறும். ஆனால் சம்பளம் 89 பவுணைத் தாண்டும்வரை அவர் ஒரு பென்ஸும் கட்டவேண்டியதில்லை. கட்டாவிட்டாலும், கட்டியதாகவே கொண்டு அந்த வாரத்தை அவருடைய முதுமைக்கால ஓய்வூதியத்துக்கு எண்ணிக்கொள்வார்கள். 77க்கு ஒரு பென்ஸ் குறைந்தாலும் அந்த வாரம் எண்ணப்படாது. அக்காலச் சட்டப்படி பத்துப் பதினோராண்டேனும் எண்ணப்படாதவருக்குத் தம் உழைப்பின் பேரில் அரசு தரும் அடிப்படை ஓய்வூதியம் எதுவும் இல்லை. அக்காவுக்கு வயது நாற்பத்தேழு. இனிமேல் ஒரு வருடத்தையும் வீணாக்க இயலாது.

என்னால் எத்தனை மணித்தியால வேலை கொடுக்க முடியும் என்று முதலிற் பார்த்தேன். திங்கள் முதல் வியாழன்வரை காலை ஏழு மணியிலிருந்து பத்தரைவரை, நாளுக்கு மூன்றரை, நான்கு நாளுக்குப் பதினான்கு. எழுபத்தேழைப் பதினான்காற் பிரித்தேன். ஐந்து பவுண் ஐம்பது பென்ஸ், மிச்சமின்றி வந்தது. கடைகளிலிருந்து 55 பவுண் வரும். இருவராகச் செய்வதால் வாரத்தில் மேலதிகமாகப் பதினாறு வீடு முடித்தால் 96 பவுண். சம்பளம் போக எழுபத்துநான்கு பவுண் மிஞ்சும். காப்புறுதியும் மற்றச் செலவும் அதற்குள் அடங்கும். பென்சிலைக் கீழே வைத்தபோது, நெடுநாளாகச் சரிவராத ஒரு கணக்குச் சரிவந்த மாணவனுக்கு உண்டாகும் ஆனந்தம் எனக்கு உண்டாயிற்று. இதை மறைக்கவேண்டிய அவசியமில்லை.

செய்யவேண்டிய வேறு காரியங்களும் இருந்தன. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரேயொரு பகுதிநேர ஊழியரை வைத்திருப்பவரும் அவருக்கு வேலையால் நேரும் தீங்கை ஈடுசெய்யக் குறைந்தது ஐம்பது இலட்சம் பவுணுக்குக் காப்புறுதி எடுத்திருக்கவேண்டும். எடுக்காத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்வரை தண்டம் விதிக்கலாம். காப்புறுதி முகவர் தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, ஊழியர் தரைக்கு மேலே ஏறுவாரா என்பதே. ஏறமாட்டார் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நான் ஒருநாளும் மீறியதில்லை. அவசரத்துக்கு ஏறட்டுமா என்று அக்காவே கேட்ட நாட்களிலும் விடவில்லை.

இவற்றையெல்லாம்விடக் கடினமாயிருந்தது வேறொன்று. வேலைக்கு எடுப்பவர், எடுக்கப்படுபவருக்கு இந்நாட்டில் வேலை செய்யும் உரிமை உண்டென்று காட்டும் பத்திரத்தைப் பார்த்துப் பிரதி எடுத்து வைக்காவிட்டால் தண்டனைக்கு ஆளாக நேரலாம் என்று 1996ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்திருந்தார்கள். ஊரிலே சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நீட்டி வாழ்ந்தவர் அவர். நானும் அவ்வாறே வாழ்ந்தவன். அவரிடம் ‘உங்கள் பத்திரத்தைக் காட்டுங்கள்’ என்று கேட்க என் நா எழவில்லை. விஷயத்தைத் தொடங்கத் தெரியாமல் மழையைப்பற்றியும் மகனுடைய படிப்பைப்பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். அக்கா சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கைப்பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் உள்நாட்டமைச்சின் கடிதமும் தேசியக் காப்புறுதி இலக்கம் எழுதிய அட்டையும் இருந்தன. அவற்றின் கீழே, மஞ்சளேறிய ஒரு காணி உறுதி.

“உதுகளைத்தானே கேக்கத் தயங்குறியள்? பாருங்கோ தம்பி. பாக்கிறதிலை என்ன இருக்கு” என்றார்.

கடிதத்தையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு போய்ச் சந்திக்கடையிற் பிரதி எடுத்தேன். பிரதி எடுத்த வெளிச்சம் கண்ணாடிக்கு அடியில் அந்தப் பெயரின்மேல் ஊர்ந்து சென்றது இன்றும் நினைவிலிருக்கிறது.

ஏப்ரல் 7ஆந் திகதி அக்கா ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்து, பூட்டிய துணிக்கடையின் முன்னால் நின்றார். கம்பளிக் குல்லாவும், மகனுடைய பழைய மழைச்சட்டையும். நான் வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் சில துளி பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் விட்டுக் கலக்கி, தொழிலைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். கண்ணாடி முழுவதையும் நனை. மேல் விளிம்பில் ஒரு விரலகலத்தை முதலிற் காயவை. அங்கிருந்து பட்டையை நேராகக் கீழே இழு. ரப்பரைத் துணியில் துடை. முன்னைய இழுப்பின்மேல் இரண்டு விரலகலம் ஏறும்படி அடுத்த இழுப்பை இழு. நான் கற்ற முறை அது. எனக்குக் கற்பித்தவரும் அவ்வாறே கற்றிருந்தார். அக்கா சொன்னபடியே செய்தார். ஆனால் ஓர் இழுப்பும் அடுத்த இழுப்பும் கூடுமிடத்தில் நூல்போல ஒரு நீர்க்கோடு நின்றது. மீண்டும் செய்தார், கோடு மீண்டும் நின்றது. நாலாவது கடைக்கு வந்தபோது அவருடைய உதடு இறுகியிருந்தது.

மறுநாளும் அப்படியே. புதன்கிழமை நான் ஒரு கடைக்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு திரும்பியபோது, அக்கா எனக்கு முதுகு காட்டி, தனியாக ஒரு பெரிய கண்ணாடியின் எதிரில் நின்றார். அவருடைய கை நேராக இறங்கவில்லை. இடப்பக்கத்து மூலையிலே தொடங்கி வில்லாக வளைந்து வலப்பக்கம் போயிற்று. வில் முடியுமிடத்தில் பட்டையைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமலே மணிக்கட்டு மட்டும் திரும்ப, அடுத்த வில் பின்னோக்கிப் புறப்பட்டது. அவ்விதமே இடமும் வலமுமாகக் கீழே இறங்கி, கடைசி மூலையில் நீர் முழுவதையும் ஒரே வீச்சில் தரைக்கு இறக்கிவிட்டு நின்றது. கண்ணாடியில் ஒரு கோடும் இல்லை. கை தூக்கப்படாத இடத்திற் கோடு எப்படி விழும்?

தேர்ந்த தொழிலாளர் சிலர் கையாளும் முறை அது. நான் மூன்று ஆண்டாக முயன்றும் எனக்குப் படியவில்லை. எங்கே கற்றீர்கள் என்று ஆச்சரியத்தோடு கேட்டேன்.

“எங்கை படிக்கிறது? வீடு மெழுகிறமாதிரித்தான்” என்றார்.

சாணத்தைக் கரைத்து, குந்தியிருந்து, கையை எடுக்காமல் வில்லுக்கு மேல் வில்லாக இழுத்து, விரற்றடத்தை விரற்றடமே அழிக்கும்படி பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து வாசற்படியில் வந்து முடிக்கும் அந்த மெழுக்கை என் தாயார் செய்ய எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் பார்த்திருக்கிறேன். படுத்திருந்த நிலத்தை அக்கா நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்; வேறொன்றும் இல்லை. அன்றைக்கு என்னுடைய பாடத்தை நிறுத்திவிட்டு, அவரிடம் நான் கற்கத் தொடங்கினேன்.

இவ்வளவும் கண்ட பின்பும் நான் ஒரு பிழை செய்தேன். வாடிக்கை வீடுகளுக்கு அவரை அழைத்துச் சென்ற முதல் வாரங்களில், மேல்மாடியை முடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கியதும், அவர் துடைத்த கீழ்த்தள யன்னலைச் சென்று பார்ப்பேன். இடுப்பிற் செருகிய லினன் துணியை எடுத்து விளிம்பை ஒருமுறை துடைப்பேன். அழுக்கு இருந்து துடைத்தேனா, பழக்கத்தால் துடைத்தேனா என்பதை இப்பொழுது சொல்லத் தெரியவில்லை. மூன்று ஆண்டாக ஒவ்வொரு கண்ணாடியையும் என் கையாலேயே முடித்தவனுக்கு, வேறொரு கை முடித்த கண்ணாடி முடிந்ததாகத் தோன்றவில்லை. ஆறு பவுணுக்கு நான் விற்றுவந்தது சுத்தமான யன்னலை அன்று, என்னுடைய கையை என்று அந்தரங்கத்தில் எண்ணியிருந்தேன் போலும். ஒரு நாள் அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வாளியைக் கீழே வைத்தார்.

“தம்பி, நீங்கள் பேந்தும் துடைக்கிறதெண்டால், நான் என்னத்துக்கு?”

கோபமாகச் சொல்லவில்லை, அடக்கமான குரல். வகுப்பறையில் ஒரு பிள்ளை சரியாக எழுதிய விடையை, அதன் கண் முன்னாலேயே அழித்து என் கையெழுத்தில் எழுதிக் காட்டினால் அந்தப் பிள்ளை எவ்விதம் பார்க்குமோ அவ்விதம் பார்த்தார். ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையிலே இதைச் செய்யக்கூடாது என்று எனக்குப் போதித்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு நான் செய்ததுமில்லை. இடுப்புத் துணியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். கீழ்த்தளம் அக்காவுடையது, மேல்மாடி என்னுடையது என்று அன்றைக்குப் பேசிக்கொண்டோம். அவருடைய கண்ணாடியை நான் பிறகு பார்த்தேன் என்றால், அது என் முகத்தைப் பார்க்கத்தான்.

மே மாத முடிவில் இரண்டு நாள் விடாத மழை பெய்தது. தெளிந்த மழைநீர் சுத்தமான கண்ணாடியை அவ்வளவாக அழுக்காக்காது. ஆயினும் மழைக்குள் யன்னல் துடைப்பதை வாடிக்கையாளர் விரும்புவதில்லை. வியாழக்கிழமை சம்பளம் கொடுக்கும் நேரத்தில், வழக்கம்போல 77 பவுணும் சம்பளச் சீட்டும் கொடுத்தேன். அக்கா நோட்டுகளை எண்ணி, பாதிக்கு மேல் திருப்பி நீட்டினார்.

“வேலை செய்யாத நாளுக்குக் காசு வேண்டினால் எனக்குச் செமிக்காது, தம்பி. உங்களுக்கும் பிள்ளையள் இருக்கு.”

உரிமையைப்பற்றிப் பேசினால் அவர் கேட்கமாட்டார் என்பது தெரியும். மோட்டார்வானின் முன்னாசனத்தில் கொப்பியை விரித்துவைத்துக் கணக்கைக் காட்டினேன். “இந்தச் சீட்டிலை முப்பத்தெட்டு எண்டு எழுதினால் இந்தக் கிழமை எண்ணுப்படாது, அக்கா. ஒரு கிழமை எண்ணுப்படாட்டில் ஐம்பத்திரண்டு வராது. ஐம்பத்திரண்டு வராட்டில் வருஷம் முழுக்கப் போயிடும். பேந்து நாங்கள் மற்றக் கிழமையெல்லாம் குளிருக்கை நிண்டது வீண்.” உள்ளது உள்ளபடியே சொன்னேன், அவருடைய சம்பளம் அந்த வரம்பின் விளிம்பிலேயே நின்றமையால் ஒரு வாரம் சறுக்கினாலும் ஆண்டு சறுக்கிவிடும். அக்கா கொப்பியை நெடுநேரம் பார்த்தார். பிறகு நோட்டுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “அப்ப மழை நாளிலை துணியெல்லாத்தையும் நான் தோச்சுத் தாறன்” என்று ஒரு நிபந்தனை வைத்தார். அதன்பின் மழை பெய்த காலைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து, துடைப்புத் துணிகளைக் கொதிநீரில் ஊறவைத்து அலசுவார். பட்டைகளின் ரப்பரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, விளிம்பில் வெட்டு விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பார். விழுந்ததைத் திருப்பிப் பூட்டுவார். மழை நாளின் பிரயோசனம் அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. என் கருவிகள் அந்த ஆண்டு இருந்த நேர்த்தியில் முன்னொருகாலும் இருந்ததில்லை.

அவ்வருடக் கோடையில் வெப்பம் மிகக் கொடுமையாக இருந்தது. ஆகஸ்ட் 10ஆந் திகதி கெண்ட் மாவட்டத்து ஃபேவர்ஷாமில் 38.5 பாகை பதிவாயிற்று என்று பத்திரிகைகள் எழுதின. அந்த நாட்களில் நீர் பட்டதும் கண்ணாடியிலேயே காய்ந்துவிடும். ஆறு மணிக்கே தொடங்கி, தெருவில் நிழல் விழும் பக்கத்தையே துரத்திக்கொண்டு போனோம். நவம்பரில் விரல்மூட்டு வீக்கம் திரும்பிற்று. ரப்பர்க் கையுறைக்குள் பஞ்சுக் கையுறை போட்டுச் சமாளித்தார். இடையில், சம்பளத்துடன் விடுமுறை உண்டென்று சொன்னபோது அவர் நம்பவில்லை. 1998ஆம் ஆண்டு விதிகளின்படி வருடத்துக்கு நான்கு வாரம், பகுதிநேர ஊழியருக்கும் உண்டு என்று விளக்கினேன். தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். மிச்சத்தை மகனுடைய பரீட்சைக் காலத்துக்கென்று சேர்த்து வைத்தார்.

வீட்டுக்காரரைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். மூன்று வருடமாக என்னை வாசலோடு நிறுத்தியிருந்த மூதாட்டிகள் சிலர், அக்காவைக் கண்டபின் யன்னலின் உட்பக்கத்தையும் துடைத்துத் தரும்படி உள்ளே அழைத்தார்கள். அக்காவுக்கு ஆங்கிலம் நாலைந்து சொல். அவர்களுக்குக் காது மந்தம். என்ன பேசிக்கொள்வார்களோ தெரியாது. நான் ஏணியை மடிக்கும்போது உள்ளே தேநீர்க் கோப்பையின் ஓசை கேட்கும். உட்பக்கத்துக்கு மூன்று பவுண் மேலதிகம். என் கொப்பிக் கணக்கில் அந்த வரவை நான் எழுதியிருக்கவில்லை.

2004 ஏப்ரல் 1ஆந் திகதி ஐம்பத்திரண்டாவது வியாழக்கிழமை. புதிய வரியாண்டில் 77 என்ற வரம்பு 79 ஆக உயரும் என்று முன்னரே அறிவித்திருந்தார்கள்; ஆகவே அடுத்த வாரத்திலிருந்து மணித்தியாலத்துக்கு ஐந்து பவுண் அறுபத்தைந்து பென்ஸ் என்று அக்காவிடம் சொன்னேன். பதினான்காற் பெருக்கி, “எழுபத்தொன்பது பவுண் பத்துப் பென்ஸ், காணும்” என்று என்னிலும் முந்தி அவரே விடை சொன்னார்.

மே மாதத்தில் ஒரு காலை, மிச்சம் ரோட்டின் முனையில் வானை நிறுத்திவைத்து, பி-60 என்னும் ஆண்டு முடிவுச் சான்றை அவரிடம் கொடுத்தேன். அவருடைய பெயர், காப்புறுதி இலக்கம், ஆண்டு முழுவதற்கும் கொடுத்த சம்பளம்: 4,004 பவுண். வரிக்கட்டத்தில் சுழியம். என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு வரியாக வாசித்தேன். பெயர் வந்த இடத்தில் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

“அப்ப இது ஒரு வருஷமோ?”

“ஓம் அக்கா. ஒரு முழு வருஷம்.”

அவர் கைப்பையைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்தார். காணி உறுதியை மெல்ல நீக்கி, அதற்கும் கணவருடைய மரணச் சான்றிதழுக்கும் இடையே, மடிக்காமல், அந்தத் தாளை வைத்தார். உறையின் வாயை விரலால் இரண்டு தரம் அழுத்தி மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, வானின் பின்கதவைத் திறந்தார்.

“தண்ணி ஆறுது, தம்பி. வாங்கோ” என்றார்.